மிக்ஸர் பழசு என்று சொன்னவர்கள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மிக்ஸர் எங்கள் வீட்டுக்கு ஓட்டோவில் வந்தது, என் கணவரின் மடியில் உட்கார்ந்து. பழைய சாரன் ஒன்றால் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினார். "மெதுவா புள்ள, மெதுவா. பள்ளிச் சாமான்" என்று சொல்லிச் சொல்லியே மேசையில் வைத்தார். நான் என்னவோ அதைக் கிணற்றடியில் வைத்து சவர்க்காரம் போட்டுக் கழுவப்போகிறவள் போல. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதற்கு முன்பே இரண்டு கிழமை இழுத்தடித்திருந்தார். இன்றைக்கு ஜும்ஆ, நாளைக்குக் கூட்டம், நாளை மறுநாள் ஓட்டோ இல்லை.

எனக்கு இந்த வேலை தெரியும். கல்யாணத்துக்கு முன்பு தொழில்நுட்பக் கல்லூரியில் ரேடியோ, டீவி திருத்தப் படித்தேன். இப்போது வீட்டு முன்னறையில் ஃபேன், ரைஸ் குக்கர், அம்ப்ளிஃபயர் என்று எது வந்தாலும் பார்த்துக் கொடுக்கிறேன். மருதமுனையில் எங்கள் பக்கத்தில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, கரண்ட் ராத்தா, அதாவது கரண்ட் அக்கா, என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். பெண்களுக்கு நான் பெரிய வசதி. சாமானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் திருத்துகிற வரைக்கும் முழு ஊர்க் கதையும் கதைத்துவிட்டுப் போகலாம்.

இவர் எங்கள் தெருப் பள்ளிவாசலின் மோதினார். ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது இவர்தான். எங்கள் மூத்த மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்கிறார், அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் பாங்கு நேரம் வந்தால் எழும்பிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பாங்கை எடுத்துவிட்டால் அவரிடத்தில் என்ன மிஞ்சும் என்று நான் யோசித்துப் பார்த்ததும் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேலாகப் பாங்குச் சத்தம் சரியில்லாமல் இருந்தது. ஒரே இரைச்சல், அடியில் ஒரு உறுமல். அதற்குள் இவருடைய குரல் எங்கேயோ தூரத்தில் நின்று கூப்பிடுவது போலக் கேட்கும். பெண்கள் நாங்கள் பள்ளிவாசலை அறிவதே மினாராவில் கட்டியிருக்கிற ஹோர்ன்களால்தான். பாங்கு, யாராவது இறந்தால் மௌத் அறிவித்தல், கந்தூரிச் சோறு வாங்க வரச் சொல்வது எல்லாம் அதனூடாகத்தான் எங்களுக்கு வரும். உள்ளே நிற்கிற ஆண்களுக்குத் தெரியாத பழுதும் எங்களுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு ராத்தா தறியில் நெய்கிறவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்தான் முதலில் என்னிடம் கதையை எடுத்தார். "மைக்குக்கு என்னமோ செஞ்சிருக்கி கா. மோதினார்ட சத்தம் விளங்குதில்ல."

"மைக் இல்ல ராத்தா, மிக்ஸர். பழசு. உள்ளுக்குக் கெப்பாசிட்டர் எல்லாம் காஞ்சிருக்கும்" என்றேன்.

"ஓம் ஓம், அதுதான். மிக்ஸர்தான் பழசு" என்று ராத்தா அவசரமாகத் தலையாட்டினார். கெப்பாசிட்டர் என்றால் என்ன என்று கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு என்று நோண்டுகிற மனுஷி அவர்.

மீன்காரர் சொன்னார், மிக்ஸர் பழசு. என் மச்சி சொன்னாள், மிக்ஸர் பழசு. கடைசியில் பள்ளிவாசல் தலைவர் எங்கள் படலையடியில் வந்து நின்றார். நல்ல மனிதர், உரத்துப் பேச மாட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார்.

"மிக்ஸர் பழசாப் போயித்துத் தங்கச்சி. நோன்புக்கு முந்தி ஒரு முடிவு எடுக்கோணும். அறபுக் கல்லூரியில முடிச்ச ஒருத்தர் இரிக்கார். மோதினாருக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும், அவரப் பாங்குக்கு எடுப்பமா எண்டு யோசிக்கிறம்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "மோதினார மாத்தினா மிக்ஸர் சரியாகுமா? சாமான் பழுதெண்டா சாமானத் திருத்தோணும். கொண்டாந்து தாங்க, நோன்புக்கு முந்தி நான் செஞ்சு தாரன். அதுக்குப் பிறகும் சத்தம் விளங்கல்லையெண்டா உங்கட விருப்பம்."

தலைவர் என் பின்னால் நின்ற இவரைப் பார்த்தார். இவர் முற்றத்து முருங்கையைப் பார்த்தார். "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போய்விட்டார். என் மனிதனுக்காக ஒரு வார்த்தை பேசி அவருடைய இடத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அன்று பகல் முழுக்க நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இவரோ இரவு சாப்பிடும்போது, "விடு புள்ள, அது கிடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். "எது கிடக்கட்டும்?" என்று நான் கேட்டதும் இடியப்பத்தைப் பிசையத் தொடங்கினார்.

அந்த மிக்ஸர் சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து உதவியாக வந்த சாமான்களோடு வந்தது. வரும்போதே கிழடு. எங்கோ ஒரு நாட்டில் பாட்டுக் கச்சேரிகளுக்கு உழைத்து ஓய்ந்து, எங்கள் கரையில் பாங்கு சொல்ல வந்து சேர்ந்தது. எட்டு மைக் செருகலாம். எல்லாம் தடித்த தகடு, தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். இந்தக் காலத்துச் சாமான் போல ஒரே பலகையில் எல்லாவற்றையும் ஒட்டிவைக்கவில்லை. ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனிப் பலகை, கழற்றி எடுக்கலாம். செய்தவன் திருத்துகிறவளையும் நினைத்திருக்கிறான்.

மூடியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டையோடு, எறும்புக் கூடு ஒன்று, உப்புக் காற்றில் பச்சை பிடித்த ஆணிகள். ஒன்றைத் தொடுவதற்கு முன் ஃபோனில் படம் எடுத்து வைத்தேன். பிறகு பெயின்ட் பூசும் தூரிகையால் தட்டித் தட்டித் துப்புரவாக்கினேன். மின்சாரம் உள்ளே வருகிற இடத்தில் இருந்த பெரிய கெப்பாசிட்டர்கள் இரண்டும் தலை வீங்கி நின்றன. உறுமலுக்குக் காரணம் அவை. அதைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். நான் சொன்னது சரிதானே. "இஞ்ச வந்து பாருங்க" என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம், வீங்கித்தான் இருக்கி" என்றார். அவருடைய முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

சின்னக் கெப்பாசிட்டர்களையும் விடவில்லை. சத்தம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகிற வழியில் எல்லாம் ஒவ்வொன்று இருக்கும். அவை காய்ந்தால் குரலின் அடிக்கனம் போய்விடும். ஒரு பலகையை எடுப்பது, பழையதை உருக்கிக் கழற்றுவது, புதியது எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்று பார்த்து வைப்பது, ஈயம் வைப்பது, அடுத்த பலகை. வீட்டில் சோறு இரண்டு தரம் அடிப்பிடித்தது. மிக்ஸர் இல்லாததால் பாங்கு ஹோர்னில் வராமல் பள்ளிக்குள்ளேயே நடந்தது. அந்தக் கிழமை எனக்கு நல்ல கிழமை. பக்கத்து வீட்டில் தறி அடிக்கிற சத்தம், என் கையில் சூடு, சாம்பிராணி போல எழும்புகிற ஈயப் புகை. மனதில் வேறு ஒரு யோசனையும் இல்லை.

இரைச்சலுக்குக் காரணம் சத்தத்தைப் பெருக்குகிற ஐசிக்கள். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் செய்யத் தெரிந்திருந்தது. இப்போது அதே கால் வரிசையில் அமைதியான ஐசிக்கள் வந்துவிட்டன. ஊரில் வாங்கியவற்றின் எழுத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன், எழுத்து துணியோடு வந்துவிட்டது. போலி. கொழும்பில் சொல்லி பஸ் பார்சலில் எடுப்பித்தேன். அவற்றைப் போட்டதும் புது வில்லங்கம். ஒரு சத்தமும் போகாத நேரத்திலேயே ஐசி கையைச் சுட்டது. வேகமான ஐசி, பழைய பலகையில் தனக்குத்தானே துடிக்கத் தொடங்கியிருந்தது. காதுக்குக் கேட்காது, ஆனால் சூடாகிச் செத்துப்போகும். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு மல்லி அளவு கெப்பாசிட்டர் வைத்து ஈயம் பிடித்த பிறகு அடங்கியது.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது ஒரு பல்பைத் தொடரில் மாட்டித்தான் கொடுத்தேன். உள்ளே எங்கேயாவது பிழை இருந்தால் பல்ப் எரியும், சாமான் தப்பும். பல்ப் ஒரு கணம் பிரகாசித்து, மெல்ல மங்கியது. இயர்ஃபோனை மாட்டிச் சத்தத்தை முழுக்கத் திருகினேன். ஒன்றும் இல்லை. உறுமல் இல்லை, இரைச்சல் இல்லை. மைக்கைத் திறந்தேன். குசினியில் இவர் கொத்தமல்லித் தண்ணி ஆற்றுகிற சத்தம் கோப்பையில் விழுவது கேட்டது. என் கைவேலையை நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்படி ஒன்றைச் செய்து முடித்த நாட்கள் என் வாழ்க்கையில் நிறைய இல்லை.

"வாங்க, ஒருக்காப் பாங்கு சொல்லிப் பாப்பம்" என்று கூப்பிட்டேன்.

"வீட்டுக்குள்ளயா? பள்ளியில பாப்பம் புள்ள."

"பாங்கு வேணாம். ஒண்டு ரெண்டு எண்டாவது செல்லுங்க, அளவு பாக்கோணும்."

"உன்ட சத்தத்தில பாரு. உன்ட சத்தத்துக்குச் சரியெண்டா எவன்ட சத்தத்துக்கும் சரி" என்று என்னைக் கிண்டலடித்துவிட்டுக் கோப்பையோடு வெளியே போய்விட்டார். நானும் சிரித்துக்கொண்டே என் சத்தத்தில் பார்த்தேன். வீட்டில் அவர் எப்போதும் மெல்லத்தான் கதைப்பார். சத்தம் போடுகிற வேலை முழுக்க என்னுடையது. அதனால் அவருடைய குரலில் என்ன குறைந்திருக்கிறது என்பது வீட்டுக்குள் எனக்குத் தெரியவரவில்லை.

மறுநாள் லுஹர், பகல் தொழுகைக்குப் பிறகு மிக்ஸரை எடுத்துப்போனார். எந்த வயர் எங்கே என்று நிறம் நிறமாக ஒட்டிக் கொடுத்தேன். பின்னேரம் அஸர் பாங்குக்கு நான் முற்றத்தில் போய் நின்றேன். பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூப்பிட்டு, "இண்டைக்குக் கேளுங்க" என்று பெருமையடித்தேன். அவரும் தறியை நிறுத்திவிட்டு வேலியடிக்கு வந்தார்.

முன்பெல்லாம் மைக்கைப் போட்டவுடன் உறுமல் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. நான் பயந்தேன், வயர் மாறிவிட்டதோ என்று. அந்த அமைதிக்குள் முதலில் கேட்டது இவருடைய மூச்சு. பிறகு தொண்டையைச் சரிசெய்கிற சத்தம். பிறகு அல்லாஹு அக்பர்.

கரகரத்து, நடுவில் பிளந்து, காற்றாகப் போனது குரல். இரண்டாவது தடவை கொஞ்சம் நன்றாக வந்தது. அடுத்த வசனத்தில் நீட்டவேண்டிய இடத்தில் நீட்ட முடியாமல் நின்றது. எச்சில் விழுங்குவது கேட்டது. ஹய்ய அலஸ்ஸலாஹ், தொழ வாருங்கள் என்கிற இடத்தில் குரல் ஒரேயடியாக அற்றுப்போய், வெறும் உதடு அசைகிற சத்தம் மட்டும் நாலு ஹோர்னாலும் ஊர் முழுக்கப் போனது. அவ்வளவு துல்லியம். என் ஐசிக்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பாங்கு முடிகிற வரைக்கும் நான் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். மைக்கைப் பற்றியும் பேசவில்லை, மிக்ஸரைப் பற்றியும் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா ராத்தா?"

"ஊருக்கே தெரியும் கா" என்றார் மெதுவாக. "எப்புடி மோதினார்ட மூஞ்சில செல்லுற? அதுதான் எல்லாரும் மிக்ஸர் எண்டு செல்லினம். நீயும் அப்புடித்தான் செல்லுற எண்டு நினைச்சிருந்தன்."

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். எனக்குத் தெரியாததும் அல்ல. கல்யாண வீட்டில் புரியாணி குழைந்தால் அரிசியைச் சொல்வார்கள், சமைத்தவரைச் சொல்லமாட்டார்கள். பிள்ளை பரீட்சையில் தவறினால் கேள்வித்தாள் கஷ்டம். தோணிக்காரர் வெறும் வலையோடு வந்தால் நீரோட்டம் சரியில்லை. நானும் எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கெப்பாசிட்டர், ஐசி என்று வந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, பழுதைக் கண்டுபிடித்து, திருத்தியும் முடித்துவிட்டேன். ஒரு தெருவே சேர்ந்து ஒரு மனிதனை மூடிவைத்திருந்த துணியை, அந்த மனிதனின் பெண்சாதி நானே உருவி எடுத்திருக்கிறேன். ஊரில் அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக வந்தது. வீட்டுக்குள் போய் ஈயம் வைக்கிற சோல்டர் அயனைத் தூக்கி எறிந்தேன், பிறகு நானே எடுத்து மேசையில் வைத்தேன்.

இவர் தொழுகை முடிந்து வழமையான நேரத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் கொழுவினார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், "பழசெல்லாம் இன்னும் எறியல்ல. திருப்பிப் போட ஒரு நாள் போதும். ஐசி எரிஞ்சு போயித்து எண்டு நானே தலைவர்ட செல்லுறன்."

அவர் சிரித்தார். "திருத்தினதும் நீ, பழுதாக்குறதும் நீயா?"

"விளையாடாதீங்க. எப்ப இருந்து இப்புடி?"

"போன நோன்புக்கு முந்தி. தொண்டை நரம்பு தளர்ந்து போயித்தாம், சத்தம் வைக்க வேணாம் எண்டு டொக்டர் செல்லினார். உன்னட்ட செல்லியிருந்தா அண்டைக்கே நிப்பாட்டியிருப்ப." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "மிக்ஸர் பழசு எண்டு முதல்ல செல்லினது நான்தான் புள்ள. ஒருத்தர் கேட்டார், என்ன மோதினார், சத்தம் குறைவு எண்டு. வாயில அதுதான் வந்த. பிறகு பாத்தா எல்லாரும் எனக்கே அதத் திருப்பிச் செல்லுறாங்க. மனிசர் நல்லவங்க. நானும் பேசாம இருந்துட்டன்."

"எனக்கு மட்டும் ஏன் செல்லல்ல?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை லேசில் வராது, வந்தால் நிற்காது.

அவர் அழ விட்டார். பிறகு சொன்னார், "நீ என்ட சத்தம் நல்லது எண்டு நம்பிக்கொண்டு இருந்தாய். இந்த ஊரில அப்புடி ஒரு ஆள் மிச்சம் இருந்த. அத ஏன் கெடுப்பான் எண்டு இருந்துட்டன்."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். 

"நல்லாத்தான் செஞ்சிருக்கிற" என்றார். "அந்த மைக்குக்கு முன்னால நிண்டு என்ட மூச்ச நானே கேட்டன். இவ்வளவு நாளும் நான் கேக்கல்ல, கேக்க விருப்பமும் இல்ல. தொழுதிட்டுத் தலைவர்ட நானே செல்லிட்டன். மஃரிபுக்கு அந்த அறபுக் கல்லூரிப் பொடியன் பாங்கு செல்ல வருவான்."

பொழுது படுகிற நேரத்து மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மற்ற நாட்களில் அந்த நேரம் அவர் வீட்டில் இருக்கமாட்டார். அன்று கிணற்றடியில் ஆறுதலாக முகம், கை, கால் கழுவி வுழூச் செய்தார். முற்றத்தில் நின்று கையைத் துடைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற மனிதனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டேன்.

பாங்கு தொடங்கியது. இளம் குரல், நல்ல குரல். ஒரு எழுத்து குறையாமல் வந்தது. பாங்கைக் கேட்கிறவர்கள் அதே வசனங்களை மெதுவாகத் திருப்பிச் சொல்லி மறுமொழி கொடுக்க வேண்டும். சொல்கிறவருக்கு அந்த வேலை இல்லை. இத்தனை வருடமும் அவர் சொல்ல, நான் இங்கே வீட்டுக்குள் நின்று மறுமொழி சொல்லியிருக்கிறேன். அன்று முற்றத்திலிருந்து இன்னொரு மறுமொழியும் கேட்டது. உடைந்த குரல். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒழுங்காக, அவசரப்படாமல் சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும், என் சத்தம் அப்படி.

பாங்கு முடிந்ததும் அவர் உள்ளே வந்து தொப்பியை எடுத்தார். "அப்ப நான் பள்ளிக்குப் போய்ட்டு வாறன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு, தெருவில் போன மற்ற ஆண்களோடு சேர்ந்து தொழுகைக்குப் போனார்.